கூரை ஏறும் தம்பிக்கு



பல்லடத்தில் சொந்தமாகக் கூரை வேலை எடுத்துச் செய்யப் போகிறாய் என்று கேள்விப்பட்டதில் ரொம்பச் சந்தோஷம். இரண்டு ஆள், ஒரு ஏணி, ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். நம் பக்கத்தில் பலரும் இப்படித்தான் தொடங்கினார்கள். விசைத்தறிக் கூடம், கோழிப்பண்ணை, பனியன் கம்பெனி, தென்னைநார்த் தொழிற்சாலை, தோட்டத்துச் சாளை என்று கொங்கு நாட்டின் பிழைப்பில் பாதி ஷீட்டுக்கும் ஓட்டுக்கும் கீழேதான் நடக்கிறது. அதனால் உனக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதைத்தான் எழுத நினைத்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உன்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒழுகாதுங்களா?" அடுத்துக் கேட்பது, "சதுர அடி எவ்வளவுங்க?" காற்றுக்குத் தாங்குமா என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். ஒழுகினால் ஒரு குண்டாவை வைத்து அன்றிரவைக் கழித்துவிடலாம். பறந்து போன ஷீட் பக்கத்து வீட்டில் விழும், மின்கம்பியில் விழும், சாலையில் போகிறவர் கழுத்தில் விழும். வாடிக்கையாளர் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலைதான் நம் வேலை. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

கோயம்புத்தூர் கடலோரம் இல்லையே, நமக்கேது புயல் என்பார்கள். நம்மைத் தேடி வரும் காற்று மூன்று வகை. முதலாவது மேல்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்து நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று ஓயாமல் வீசுகிறது. பூளவாடி, குடிமங்கலம், கேத்தனூர் பக்கமெல்லாம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி நம் ஊர்க்காரனுக்கு அனுபவம். இந்தக் காற்று ஒரே அடியில் கூரையைப் பிய்ப்பது குறைவு. மாதக்கணக்கில் ஆட்டி ஆட்டி, ஸ்க்ரூ துளையைப் பெரிதாக்கி, வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விடவைத்து, அடுத்து வருகிற காற்றுக்குக் கூரையைத் தயாராக்கி வைத்துவிட்டுப் போகும்.

அடுத்து வருவது கோடைச் சூறை. சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்து, பிற்பகலில் மேகம் திரண்டு, மழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று இறங்குமே, அதுதான். இடிமேகத்திலிருந்து கனத்த குளிர்காற்று செங்குத்தாக இறங்கி, தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும்போது அதற்குத் திசையே கிடையாது. மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தியமங்கலம் பக்கம் குலை தள்ளிய வாழைகளை வரிசையாகச் சாய்ப்பது இந்தக் காற்றுதான். பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடும்.

மூன்றாவது, கடலிலிருந்து உள்ளே நகர்ந்து வரும் புயலின் மிச்சம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, டெல்டாவையும் புதுக்கோட்டையையும் நொறுக்கிய பிறகும் அடங்கவில்லை. திண்டுக்கல், கொடைக்கானல் வழியாக மேற்கே நகர்ந்து கேரளம் வரை போனது. உள்நாடு என்பதற்காகப் புயல் வழிமாறிப் போகாது.

இனிக் கணக்குக்கு வருவோம். பயப்படாதே, பெருக்கல் மட்டும் தெரிந்தால் போதும். கட்டடங்களின் மேல் காற்று தரும் பளுவுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 875 என்ற தரக்குறியீட்டின் மூன்றாம் பகுதி இருக்கிறது. அதில் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39 மீட்டர். 39 மீட்டர் என்பது மணிக்கு 140 கிலோமீட்டர். தினமும் வீசும் வேகம் இதுவல்ல. 50 ஆண்டுகளில் ஒரு முறை வரக்கூடிய, சில நொடிகளே நீடிக்கும் வீச்சு. இந்த வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் மறுபடி பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஏறும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும்; அதைக் கிலோவாக மாற்றினால் ஏறக்குறைய 93 கிலோ. பத்துக்குப் பத்து அடிக்குப் பார்த்தால் 860 கிலோ. கட்டடத்தின் உயரம், சுற்றுப்புறம், கூரையின் சரிவு இவற்றைப் பொறுத்து இன்ஜினியர் இதைக் கூட்டுவார், குறைப்பார். அளவின் பருமன் உனக்குப் பிடிபட்டால் போதும்.

இதைப் பொருளின் எடையோடு ஒப்பிட்டுப் பார். அதே 100 சதுர அடிக்கு அரை மில்லிமீட்டர் கலர் ஷீட் சுமார் 40 கிலோதான் வரும். மங்களூர் ஓடு போட்டால் 350 கிலோ. தன் எடையால் மட்டும் உட்கார்ந்து காற்றை வெல்லும் கூரை இரண்டிலும் இல்லை. ஓட்டுக் கூரை பல சமயம் தப்பிப்பதற்குக் காரணம், இடுக்குகள் வழியே காற்று ஊடுருவி மேலும் கீழும் அழுத்தம் ஓரளவு சமமாவது. ஷீட்டுக்கு அந்த வழி இல்லை. ஷீட்டின் மேல் மண் மூட்டை, ஹாலோ பிளாக், பழைய டயர் வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் நிறைய. நாலு மூட்டை மண் எத்தனை கிலோ என்று நீயே கூட்டிப் பார். காற்று அதையும் சேர்த்துத் தூக்கி, கீழே நிற்பவர் தலையில் போடும். நீ வேலை செய்யும் கூரையில் அதை அனுமதிக்காதே.

காற்று கூரையை அழுத்தி உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது உறிஞ்சல். சரிவின் மேலே வேகமாக ஓடும் காற்று ஷீட்டை மேலே இழுக்கிறது. ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் இந்த இழுப்பு இரண்டு மடங்கு வரை போகும். அதே நேரம் ஷட்டர் திறந்து கிடக்கும் பட்டறைக்குள்ளோ, வலை மட்டும் கட்டிய கோழிப்பண்ணைக்குள்ளோ காற்று புகுந்தால் கீழிருந்தும் தள்ளும். மேலே இழுப்பும் கீழே தள்ளலும் சேரும் நொடியில்தான் கூரை போகிறது. ஆகவே மூடிய வீட்டுக்குப் போடும் ஸ்க்ரூ கணக்கைத் திறந்த ஷெட்டுக்கு அப்படியே போடாதே.

ஷீட்டைப் பிடிப்பது ஸ்க்ரூ, ஸ்க்ரூவைப் பிடிப்பது பர்லின் என்கிற குறுக்குச் சட்டம், பர்லினைப் பிடிப்பது ட்ரஸ் என்கிற கூரைச் சட்டகம், ட்ரஸைப் பிடிப்பது தூண் அல்லது சுவர், சுவரைப் பிடிப்பது அஸ்திவாரம். தும்பு எவ்வளவு முரட்டுக் கயிறாக இருந்தாலும் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டால் மாடு ஓடிவிடும். கூரையும் அப்படித்தான். நம் ஊர்ச் சின்ன ஷெட்டுகளில் ஏணி வைத்துச் சுவர் உச்சியைப் போய்ப் பார். இரும்புக் குழாய் ஹாலோ பிளாக் சுவரின் மேல் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மேலே ஒரு கை கலவை அப்பியிருப்பார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டினால் கலவை தனியாகப் பெயர்ந்து வரும். இந்த மாதிரி இடங்களில் காற்று ஷீட்டைத் தனியாகப் பிய்ப்பதில்லை. ஷீட், ஸ்க்ரூ, குழாய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு ஸ்க்ரூகூடக் கழலாமல், முழுக் கூரையாகப் பக்கத்துத் தோட்டத்தில் போய் இறங்கும்.

புது வேலை என்றால் சுவர் உச்சியில் கான்கிரீட் பெல்ட் போடச் சொல். கான்கிரீட் ஊற்றும்போதே ஆங்கர் போல்ட்டைப் புதைத்து, பேஸ் பிளேட் வைத்து முறுக்கு. பழைய சுவராக இருந்து, வீட்டுக்காரருக்கு வசதி குறைவு என்றால், குழாயைச் சுற்றி இரும்புப் பட்டையை இறக்கி, நாலைந்து வரிசைக்குக் கீழே சுவரின் மறுபுறம் வரை போல்ட் ஊடுருவவிட்டு இறுக்கிக் கொடு. மொத்தச் செலவில் இது சிறு பங்குதான். வெளியே தெரியாத வேலை என்பதால் யாரும் உன்னைப் பாராட்ட மாட்டார்கள். ஆனாலும் செய்.

முகடு கிழமேலாக ஓடும் கூரையில் ஷீட் போடுவதைக் கிழக்குக் கோடியில் தொடங்கி மேற்கு நோக்கி வா. அப்போது மேற்குப் பக்கத்து ஷீட்டின் விளிம்பு, கிழக்குப் பக்கத்து ஷீட்டின் மேல் படியும். இணைப்பின் வாய் கிழக்கைப் பார்த்திருக்கும். ஆண்டில் நாலு மாதம் வீசும் மேல்காற்றுக்கு நுழைய இடம் கிடைக்காது. கீழே நிற்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த வித்தியாசம் தெரிந்தவனைத்தான் ஊர்க் கூரைக்காரன் என்று நான் மதிப்பேன்.

கூரையில் ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில் அடி. பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் அதன் மேல்தான் ஓடும். இறவாணம், முகடு, இரு கோடிகள் ஆகிய இடங்களில் ஒவ்வொரு மேட்டிலும் அடி. நடுப்பகுதியில் ஒன்று விட்டு ஒன்று வரலாம். ஷீட் கம்பெனியின் கையேடு அதற்கு மேல் கேட்டால் அதையே கேள். ரப்பர் வாஷர் லேசாகப் பரவியதும் நிறுத்து. பிதுங்கும்வரை முறுக்கினால் வெயிலில் அது வெடிக்கும், அடுத்த மழையில் ஒழுகும். துளை போட்ட இரும்புச் சீவலை அன்றன்றே கூட்டித் தள்ளு. விட்டால் முதல் மழையிலேயே துருப்பிடித்து ஷீட்டின் பெயின்ட்டைத் தின்னும். கோழிப்பண்ணையில் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும், சாயப்பட்டறையில் ரசாயனம் கலந்த ஆவியும் சாதா ஸ்க்ரூவைச் சீக்கிரம் அரித்துவிடும். அங்கெல்லாம் பூச்சு கனமான ஸ்க்ரூ என்றால் விலை கூடும். ஏன் கூடுகிறது என்று பண்ணைக்காரரிடம் விளக்கிச் சொல். ஓட்டு வேலை வந்தால், பல மங்களூர் ஓடுகளின் அடியில் கம்பி கட்டுவதற்கென்றே துளை வைத்த மூக்கு இருப்பதைக் கவனி. இறவாணத்து வரிசையையும் ஓர வரிசைகளையும் ரீப்பரோடு கம்பி போட்டுக் கட்டு.

இப்போது உன் உயிரைப் பற்றி. பழைய சிமெண்ட் ஷீட் உடைந்து விழுந்து இறந்தவர்களின் செய்தி பேப்பரில் அடிக்கடி வருகிறது. அந்த ஷீட்டில் ஒருபோதும் நேராகக் கால் வைக்காதே. பர்லினுக்குப் பர்லின் எட்டும் பலகை போட்டு அதன் மேல் நட. வெளிச்சத்துக்காக இடையில் போட்டிருக்கும் ஃபைபர் ஷீட் தூசு படிந்தால் மற்ற ஷீட்டைப் போலவே தெரியும். ஏறும் முன்பே உள்ளே நின்று அண்ணாந்து பார்த்து அவற்றை அடையாளம் வைத்துக்கொள். சேஃப்டி பெல்ட் உடம்பில் இருந்தால் போதாது. கயிற்றை உறுதியான இரும்பில் மாட்ட வேண்டும். கோடையில் பிற்பகல் மேகம் கறுத்தால் வேலையை நிறுத்து. காற்றில் கையிலிருக்கும் 20 அடி ஷீட் உன்னையும் இழுத்துக்கொண்டு போகும். பக்கத்தில் மின்கம்பி போனால், மின்வாரிய ஆட்கள் இணைப்பை நிறுத்தும்வரை ஏறாதே. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் விவசாயிகளுக்காகத் தரும் வானிலை முன்னறிவிப்பு உனக்கும் பயன்படும். காலையில் அதைப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிடு.

அந்தப் பழைய சிமெண்ட் ஷீட்டில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் தெரிய 20, 30 ஆண்டு ஆகும் என்பதால் நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். கட்டிங் மெஷினை வைத்துக் காய்ந்த ஷீட்டை அறுக்காதே. தண்ணீர் தெளித்து நனைத்து, முடிந்தவரை முழுசாகவே இறக்கு. தரமான முகமூடி போடு. வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதே. உடைந்த துண்டுகளைக் குட்டையிலோ பள்ளத்திலோ கொட்டாதே.

உன்னோடு ஏறும் ஆட்கள் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்திருக்கலாம். 'நில்', 'பிடி', 'விடாதே', 'இறங்கு' என்ற நாலு சொல்லாவது அவர்கள் பாஷையில் கற்றுக்கொள். ஆபத்து நேரத்தில் உன் தமிழ் அவர்களுக்குப் புரியாமல் போகக் கூடாது. உன்னையும் உன் ஆட்களையும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய். 1994-இல் தொடங்கிய வாரியம் அது. விபத்து நடந்த பிறகு அட்டை எடுக்க ஓடுவதால் பயனில்லை.

அடுத்து காசு. எந்த வேலையானாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் கொடு. ஷீட்டின் கம்பெனி, கனம், பர்லின் இடைவெளி, ஸ்க்ரூ வகை, முகட்டுத் தகடு, தண்ணீர் வாரி, ஆங்கர், பழைய ஷீட்டை அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொன்றும் தனி வரியில் வரட்டும். கனத்தில்தான் ஏமாற்று அதிகம். 0.50 என்று சொல்லி விற்பதில் பெயின்ட்டும் துத்தநாகப் பூச்சும் போக இரும்பு 0.45 இருந்தால் அது நியாயமான சரக்கு. அதற்கும் கீழே இறங்கியதை 0.50 என்று தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் எதிரிலேயே மைக்ரோமீட்டரை வைத்துக் காட்டு. இல்லாவிட்டால் எடை போடு. 1,220 மில்லிமீட்டர் அகலக் காயிலிலிருந்து உருட்டிய அந்த ஷீட் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் நாலரைக் கிலோ இருக்க வேண்டும். மூன்றரை இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பு.

சூறைக்காற்று அடித்த மறுநாள் உன் போன் ஓயாது. அன்றைக்குத்தான் உன்னைப் பற்றி ஊருக்குத் தெரியும். எங்கிருந்தோ லாரியில் ஷீட்டோடு வந்து, பாதிப் பணம் முன்னதாக வாங்கி, இரண்டே நாளில் போட்டுவிட்டுப் போகும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்த ஆடியில் அந்தப் போன் நம்பர் வேலை செய்யாது. உன்னைத் தேடி உன் வீட்டுக்கே வரலாம் என்பது வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் உத்தரவாதம். அந்த நாளில் விலையை ஏற்றாதே. கைக்குழந்தை, வயதானவர், நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதலில் போ. ஒரே நாளில் எல்லாரையும் பார்க்க முடியாது. தார்ப்பாய் விரித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, எந்தத் தேதிக்கு வருவாய் என்று சொல்லி, அந்தத் தேதிக்குப் போய் நில்.

காப்பீட்டு இழப்பீட்டுக்காக எஸ்டிமேட்டைக் கூட்டிப் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷா, சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா ஆகிய பாலிசிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன; புயல், சூறைச் சேதமும் அவற்றில் அடங்கும். உள்ள சேதத்தைப் படம் எடுத்து, உள்ள அளவை எழுதிக் கொடு. ஒரு சதுர அடிகூட அதிகம் எழுதாதே. அதே நேரம் பாலிசி என்று ஒன்று இருப்பதே தெரியாத தறிக்காரர்கள் எத்தனையோ பேர். கூரை போட்டு முடித்த அன்றே அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு வா.

சில வேலைகளை வேண்டாம் என்று சொல்லவும் பழகு. சுவரில் விரிசல் ஓடியிருக்கும், தூண் சாய்ந்திருக்கும், "மேல ஷீட்ட மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். துருப்பிடித்த ட்ரஸ் மேல் சோலார் பேனல் ஏற்றச் சொல்வார்கள். பேனலும் காற்றைப் பிடிக்கும்; அந்த இழுப்பும் அதே துருப்பிடித்த இரும்பில்தான் போய்ச் சேரும். இன்ஜினியரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல். ஒரு வேலை கைவிட்டுப் போகும், போகட்டும்.

கடைசியாக ஒரு பழக்கம். ஒரு நோட்டு வாங்கு. நீ போடும் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு பக்கம்: வீடு, தேதி, ஷீட்டின் கனம், ஸ்க்ரூ வகை, முகட்டின் திசை, சுவரில் எதைக் கொண்டு பிடிமானம் கொடுத்தாய் என்பது. ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைச் சூறைக்கு முன் பங்குனியிலும் மேல்காற்றுக்கு முன் வைகாசியிலும், அந்த வரிசைப்படி போய் ஏறிப் பார். கழன்றதை முறுக்கு, வெடித்த வாஷரை மாற்று. எந்தக் கட்டு நின்றது, எது தளர்ந்தது என்பதை எந்தப் புத்தகத்தையும்விட அந்த நோட்டு உனக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கும். ஐந்தாறு வருஷத்தில் உன் ஊர்க் காற்றைப் பற்றி உன்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

ஏதாவது ஒரு கூரையில் சந்தேகம் வந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கூப்பிடு. நானும் வந்து உன்னோடு ஏறிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்,
கோயம்புத்தூர்